ஓவர்லாக் சுற்றுலாவின் ஐந்தாவது நிறுத்தம்

எங்கள் சுற்றுலா வேனில் அடுத்த மாதத்திலிருந்து பதிவு செய்த குரல்தான் பேசப் போகிறது. பயணிகள் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொள்வார்களாம். ஒவ்வொரு நிறுத்தம் வந்ததும் அதுவே கதை சொல்லுமாம். எனக்குப் பிறகு கைடு வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள்தான் அதற்கான பேச்சை எழுதுகிறார்கள். "எட்டு வருசமா நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். நான்கு நிறுத்தங்கள் வரை கை தடங்கல் இல்லாமல் ஓடியது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவில் அதற்கெல்லாம் இடம் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே அதைச் செய்தேன். அந்தக் கம்பெனியின் மாடியில் வேஸ்ட் துணி மூட்டைகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் அங்கே வந்து கிடாரும் டிரம்ஸும் வாசிப்பார்கள். நான்கு பேருமே வெவ்வேறு பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். சுற்றிலும் மூட்டைகள் இருந்ததால் சத்தம் வெளியே போகாது. ஓவர்டைம் பார்க்கும் எங்களுக்கு மட்டும் தலைக்கு மேல் 'தும் தும்' என்று கேட்கும். துணியின் ஓரம் அடிக்கிற மிஷினின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்: ஓவர்லாக்.

அந்தப் பையன்கள் பின்னாளில் எந்த உயரத்துக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. மலேசியாவிலும் லண்டனிலும் மேடையேறினார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தைக்கிற பிள்ளைகள்கூட, அர்த்தம் தெரியாமலே அவர்களுடைய தமிழ்ப் பாட்டை முழுசாகப் பாடுகிறார்கள். சென்னை, பெங்களூர், கேரளாவிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து "அவங்க பிராக்டிஸ் பண்ணின ரூம் எங்கே?" என்று அருள்புரம் ஸ்டாப்பில் இறங்கிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தங்கமணி அக்காவுக்கு அந்த யோசனை வந்தது.

தங்கமணி அக்கா வேன் வைத்திருந்தவர். துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்து கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவர் தொழில். எங்கள் கம்பெனிக்கும் அவருடைய வேன்தான் வரும். கம்பெனி இடம் மாறி நான் வேலையில்லாமல் இருந்தபோது, வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "மேல அவங்க வாசிச்சதை நீங்க கேட்டிருக்கீங்களாமா?" என்றார். "வாராவாரம் திட்டிக்கிட்டே கேட்டிருக்கேன்க்கா" என்றேன். சிரித்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. நாளைக்கு வந்துருங்க" என்றார்.

என் பயிற்சி மொத்தமும் இரண்டு வாரம்தான். முதல் நாள் என்னை வேனில் ஏற்றவே இல்லை. அருள்புரம் மாடி அறை, அவர்கள் டீ குடித்த கடை, முதலிபாளையம் தொழிற்பேட்டையில் முதல் பாட்டை எழுதிய குடோன் என்று எல்லா இடத்துக்கும் டவுன் பஸ்ஸிலும் நடையுமாகவே கூட்டிப்போனார். ஒவ்வொரு இடத்திலும் காலை பத்து மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னார். "கேக்கறவங்க நெழல்ல நிக்கோணுங்க. வெயில் நம்ம மூஞ்சியில அடிக்கோணும். கண்ணைச் சுருக்கிட்டு யாரும் கதை கேக்க மாட்டாங்க." வேனிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை தலை எண்ண வேண்டும். வாயால் எண்ணக் கூடாது. மனதுக்குள் எண்ண வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால் கேட்டுக்கு வெளியே நின்று, விரலை நீட்டாமல் சொல்ல வேண்டும். அவருடைய ஒழுங்குகள் இந்த மாதிரிதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அவர் கறாராக இருந்தது ஒரு பச்சை அட்டை நோட்டு விஷயத்தில். நாங்கள் சொல்லும் ஒவ்வொரு கதைக்கும் அதில் ஒரு பக்கம். கீழே இரண்டு வரி. முதல் வரியில் இந்தக் கதையை யார் சொன்னார் என்று பெயர். இரண்டாவது வரியில் அதை ஆமாம் என்று சொன்ன இன்னொருவர் பெயர். இரண்டும் நிரம்பினால்தான் அந்தக் கதையை வேனில் சொல்லலாம். "ஒருத்தரு சொன்னா அது பேச்சுங்க. ரெண்டு பேரு சொன்னாத்தான் நடந்ததுங்க" என்பார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், அவ்வளவுதான். டிரைவர் ஒருமுறை பயணிகளைக் காக்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். "டீ நல்லா இருந்துச்சுங்களா? சூடா இருந்துச்சுங்களா? இன்னொண்ணு சொல்லட்டுங்களா?" என்று அக்கா கேட்டதில் அந்த மனிதர் ஒரு வாரம் டீயே குடிக்கவில்லை.

முதல் இரண்டு வருடம் நான் அந்த நோட்டைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் அது நடந்தது.

ஐந்தாவது நிறுத்தம் பல்லடம் ரோட்டில் உள்ள ஒரு கல்யாண மண்டபம். ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் ஓவர்லாக் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். அன்றைக்கு அவர்களுடைய டிரம்மர் மேடைக்கு வரவில்லை. ஸ்பீக்கர் தூக்க வந்த நண்பர் ஒருவர் உட்கார்ந்து வாசித்தார். அவர்தான் இன்றைக்கு உலகம் அறிந்த டிரம்மர். குழுவின் பாடகர் ஒரு பேட்டியில், "எங்க டிரம்மர் கடைசி நிமிசத்துல காணாமப் போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்த அரை நிமிடத் துண்டு எல்லார் போனிலும் இருந்தது. நோட்டில் முதல் வரிக்கு அதை எழுதியிருந்தோம். இரண்டாவது வரி காலி. அதனால் "முதல் டிரம்மர் அன்று வாசிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். வந்திருந்த பதினான்கு பேரும் களைத்துப் போயிருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயில் தானாக வந்தது: "பயந்து ஓடியே போயிட்டாருங்க! கையில குச்சியோட உடுமலை பஸ்ல ஏறிட்டாராம்!" எல்லாரும் நிமிர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. செக்கிங் டேபிளில் இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அடுத்த வாரம் கதைக்குள் ஒரு கண்டக்டர் வந்தார். அதற்கடுத்த வாரம் அந்தக் கண்டக்டர் டிரம்ஸ் குச்சிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். நான் கையை ஆட்டி நடித்தே காட்டினேன். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, 'குச்சி டிக்கெட்' என்று அது ஊர் ஊராகப் பரவியது. "அந்தக் கதையைச் சொல்லுங்கக்கா" என்று கேட்டே ஆட்கள் வந்தார்கள். அக்கா பையர் வேலையாக அலைந்துகொண்டிருந்த சமயம் அது. வேனில் நான் என்ன பேசுகிறேன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பிறகு ஒரு நாள் கடைசி சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஓர் இடத்திலும் அவள் போட்டோ எடுக்கவில்லை. மண்டபத்தில் எல்லாரும் சிரித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றுலா முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்றேன்.

"இல்லீங்க. அந்த உடுமலை பஸ்ஸு நெசமாவே போச்சுங்களா?"

"அப்படித்தாம்மா சொல்றாங்க."

"யாருங்க சொல்றாங்க?"

 சொன்னது நான் ஒருத்திதான்.

"அவரு எங்கப்பாருங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. பெயர் கவிப்ரியா என்றும், அருள்புரத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்ப்பதாகவும் சொன்னாள். "ஆபீஸ்ல என்ற டேபிள்கிட்ட வந்து உங்க வீடியோவைப் போட்டுக் காட்டுறாங்க. பழைய போட்டோவுல அப்பாவைப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டாங்க. எனக்குப் பரவாயில்லீங்க. அப்பா ஒண்ணும் பேசறதில்லீங்க. ஊட்டுல அவங்க பாட்டு ஓடுனா மட்டும் எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. முன்னெல்லாம் அவருதாங்க பாட்டைப் போடுவாரு."

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். "அப்பா அன்னைக்கு ஏன் வரலைன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"கேட்டா சொல்ல மாட்டீங்கறாரு. ஆனா அவரு பயந்து ஓடற ஆளு இல்லீங்க."

அன்று சாயங்காலமே தங்கமணி அக்காவின் ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர், லக்கேஜ் டிக்கெட் உட்பட. அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்படிங்களா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அந்த மரியாதையில் எனக்கு உடம்பு கூசியது. பச்சை நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "ரெண்டாவது வரி காலியா இருக்குதுங்க" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. நோட்டை மூடிவிட்டு, "வர்ற ஞாயித்துக்கெழம டூர் வேண்டாங்க. பதிஞ்சவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அவரைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

"நீங்களும் கூட வாங்கக்கா."

"பேசினது நீங்க. நீங்க போறதுதானுங்க மரியாதை."

அவர் பெயர் ஈஸ்வரமூர்த்தி. குன்னத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் போனபோது ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க."

மன்னிப்புக் கேட்க வரிவரியாக யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார். "அந்தக் கண்டக்டரு குச்சிக்கு டிக்கெட் கேக்கறது இருக்குதுங்களே, நானே சிரிச்சுப் போட்டனுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் டீ வாங்கி வரச் சொன்னார்.

டீ வந்ததும், "அன்னைக்கு என்ன நடந்துதுங்க?" என்று கேட்டேன்.

அவர் கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அப்போது கடும் மின்வெட்டுக் காலம். விழா தொடங்க அரை மணி இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மண்டபத்தின் பின்புறம் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும் ஆள் வரவில்லை. மூர்த்தி ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக் என்பதால் அவரே ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். ஓடியது. ஆனால் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம் உடைந்து கிடந்தது. ஸ்பீக்கரில் சத்தம் ஏறினால் இஞ்சின் திணறும், லைட் மங்கும். சத்தம் இறங்கினால் இஞ்சின் அலறும். யாராவது ஒருவர் இஞ்சினுக்கு டீசல் விடும் கம்பியைக் கையில் பிடித்து, கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்க வேண்டும்.

"வேற ஆள் பிடிக்கக் கூடாதுங்களா?"

"பிடிக்கலாங்க. ஆனா லைட்டு மங்கின பொறவு இழுத்தா லேட்டுங்க. அதுக்கு முன்னாடியே இழுக்கோணும். எந்த எடத்துல கிடார் ஏறும், எங்க எல்லாம் ஒண்ணா வந்து விழுகும்னு தெரிஞ்சிருக்கோணுமில்லீங்க? பாட்டு எனக்கு மனப்பாடம். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவங்க வாசிக்க, இந்தப் பக்கம் நான் கம்பியை இழுத்துட்டு நின்னேன்."

நான் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைய கச்சேரி முழுக்க அவரும் வாசித்திருக்கிறார். அவர் கையில் இருந்தது டீசல் கம்பி.

"முடிஞ்சதும் அவங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னனுங்க. கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. பேட்டியில அப்படிச் சொன்னது வெளையாட்டுக்குத்தானுங்க. ஆனா எனக்குப் பதிலா உக்காந்தான் பாருங்க, அவன் அடிச்ச அடி நான் எத்தனை வருசம் பழகினாலும் வராதுங்க. செவுத்துக்குப் பின்னாடி நின்னு கேட்டவன் நான், எனக்குத் தெரியாதுங்களா? அடுத்த வாரம் நானே சொல்லிட்டேன், அவனையே வெச்சுக்குங்கன்னு."

"இதை ஊட்டுல சொல்லியிருக்கலாமே? பொண்ணு தவிக்குதே."

அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்க பெரிய ஆளானதுக்கு அப்பறம் போயி, நானுந்தான் அங்க இருந்தேன்னு சொன்னா, யாருங்க நம்புவாங்க?"

முதல் வரி கிடைத்துவிட்டது. இரண்டாவது வரிக்கு ஆள் தேடினேன். பாடகரின் மேனேஜருக்கு அக்கா தகவல் அனுப்பினார், பதில் இல்லை. மண்டபத்தின் பழைய வாட்ச்மேன் ஊரைவிட்டே போயிருந்தார். கடைசியில், அன்று விழாச் சாப்பாடு சமைத்தவர் இப்போது அருள்புரத்தில் மெஸ் நடத்துகிறார் என்று தெரிந்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போய்க் கேட்டேன். முதலில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. ஜெனரேட்டர் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடேயப்பா, அந்தப் பையனா! அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னானுங்க. டீசல் வாசம் அத்தனையும் ரசத்துல எறங்குது. அக்கட்டால தள்ளிப் போடான்னு கத்துனேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. 'அண்ணா, கையெடுத்தா பாட்டு நின்னுருங்'ன்னான். அப்பறம் நானே ரசத்தைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனேன்."

மெஸ் டோக்கன் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். அக்கா நோட்டில் இரண்டாவது வரியைத் தன் கையாலேயே நிரப்பினார். பிறகு, "உங்க வாயாலயே சொல்லீருங்க. முதல்ல சொன்னது பொய்னும் சொல்லீருங்க" என்றார்.

கவிப்ரியாவுக்குப் போன் செய்து, அப்பாவையும் கூட்டி வர முடியுமா என்று கேட்டேன். "பாக்கலாம்னு சொல்றாருங்க. அப்படின்னா வர மாட்டாருன்னு அர்த்தம்" என்றாள்.

அந்தப் பழைய வீடியோ இன்றும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. என்னால் முடிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை மட்டும்தான். வேனை மண்டபத்தின் முன்கேட்டில் நிறுத்தாமல், சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். ஜெனரேட்டர் இப்போது அங்கே இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் மேடை மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு பேரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு நான் வெயிலில் நின்றேன். சுவரோரமாக ஒரு பைக் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் கவிப்ரியா. அவளுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, வெள்ளைச் சட்டையில் மூர்த்தி.

"இந்த எடத்துல ரெண்டு வருசமா நான் ஒரு பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.  கண்டக்டர் என் கற்பனை என்று சொன்னேன். கரண்ட் போனதை, உடைந்த பாகத்தை, கம்பியை, ரசத்தைச் சொன்னேன். ரசத்துக்குச் சிரித்தார்கள். 'கையெடுத்தா பாட்டு நின்னுருங்' என்று மெஸ்காரர் சொன்ன அந்த ஒரு வரிக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட அந்தக் காலி மேடையைப் பார்த்தார்கள். "கடைசி வரைக்கும் அவர் கையை எடுக்கலீங்க" என்று முடித்தேன்.

"இல்லீங்க" என்று ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். மூர்த்தி மகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "குறுக்கே பேசறதுக்கு மன்னிச்சுக்குங்க. அந்தக் கம்பியைப் புடிச்சது நாந்தானுங்க. ஆனா கடைசி வரைக்கும்னு சொல்றது சரியில்லீங்க. மூணாவது பாட்டுல ஒருக்கா கையை எடுத்துப் போட்டேன். இஞ்சின் நின்னு, உள்ள ஒரே இருட்டு. மறுக்கா ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிசம் ஆச்சு. அது என்ற தப்புதானுங்க."

"எதுக்கு எடுத்தீங்க?" என்று பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். சுவரில் உயரமாக இருந்த ஜன்னலைக் காட்டினார். "எல்லாருமே ஒண்ணா வாசிக்கறாங்க, நான் மட்டும் பாக்கலியேன்னு இருந்துச்சுங்க. அதுக்குக் கீழ இருந்த திட்டு மேல ஏறி ஒரு எட்டு பாத்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

யாருடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை. கவிப்ரியாவாகத்தான் இருக்க வேண்டும்.

"நல்லா இருந்தாங்க கண்ணு" என்றார் மூர்த்தி. "அப்பத்தான் லைட்டு போச்சு. இருட்டுல ஜனமெல்லாம் கையைத் தட்டி அந்தப் பாட்டை விடாம நடத்துனாங்க. அதே தாளங்க. ஒரு தட்டுகூடத் தப்பலை." சொல்லிவிட்டு, ஜனங்கள் எப்படித் தட்டினார்கள் என்று காட்டுவதற்காகத் தன் தொடையில் தட்ட ஆரம்பித்தார். இரண்டு சுற்றுக்குள் பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.